ஐரோப்பிய ஒன்றியமும் நாடுகளின் அரசியலமைப்பு அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதன் உறுப்பு நாடு ஒன்றுக்கும் சண்டை மூளும்போதெல்லாம் ‘அரசியலமைப்பு அடையாளம்’ என்ற சொல் செய்திகளில் தலைகாட்டுகிறது. பெரும்பாலும் யாரும் அதை விளக்குவதில்லை. இதே சொல்லைச் சொல்லி ஒரு நாட்டின் நீதிமன்றம் தன் குடிமக்களின் உரிமையைக் காப்பாற்றியிருக்கிறது. இதே சொல்லைச் சொல்லி இன்னொரு நாட்டின் அரசு தன் நீதிபதிகளையே மடக்கப் பார்த்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய விரும்புகிறவர்களுக்காக இந்தக் கேள்விகளும் பதில்களும்.

அரசியலமைப்பு அடையாளம் என்றால் என்ன?

ஒரு நாட்டின் அரசியலமைப்பில் எதை எடுத்துவிட்டால் அது அந்த நாட்டின் அரசியலமைப்பாகவே இருக்காதோ, அந்தப் பகுதி. எல்லாச் சட்டப் பிரிவுகளும் இதில் சேரா. ஜெர்மனிக்கு மனித மாண்பு, ஆஸ்திரியாவுக்குக் குடியரசு, இத்தாலிக்குக் குற்றவியல் சட்டத்தில் முன்கூட்டியே தெளிவான விதி இருக்க வேண்டும் என்ற கொள்கை என்று நாட்டுக்கு நாடு மாறும். மொழி, உணவு, திருவிழா போன்ற பண்பாட்டு அடையாளமும் இதுவும் சில இடங்களில் தொட்டுக்கொண்டாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஒன்றியத்தின் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலேயே உறுப்பு நாடுகளின் தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்கும் என்று ஒரு வரி இருந்தது. 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை அதை விரித்து எழுதியது. ஒன்றிய உடன்படிக்கையின் இன்றைய பிரிவு 4(2)இன்படி, நாடுகளின் அரசியல், அரசியலமைப்பு அடிப்படைக் கட்டமைப்புகளில் பொதிந்திருக்கும் தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்க வேண்டும். மாநில, உள்ளாட்சித் தன்னாட்சியும் அதில் அடங்கும்.

இதைப் படிக்கிறவர்கள் அதே உடன்படிக்கையின் பிரிவு 2ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். மனித மாண்பு, சுதந்திரம், ஜனநாயகம், சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் உரிமை உள்ளிட்ட மனித உரிமைகள் ஆகியவை எல்லா நாடுகளுக்கும் பொதுவான விழுமியங்கள் என்கிறது அது. ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு பேசுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

உள்நாட்டுச் சட்டத்துக்கு மேல் ஒன்றியச் சட்டம் என்று யார் சொன்னது?

லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு மின்கட்டண வழக்கில். 1962இல் இத்தாலி மின்சாரத் துறையை நாட்டுடைமையாக்கி ‘எனெல்’ என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. அப்படிக் கையகப்படுத்தப்பட்ட கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்த மிலான் வழக்கறிஞர் கோஸ்டா, 1,925 லீராவுக்கு வந்த பில்லைக் கட்ட மறுத்தார். தொகை சொற்பம், வழக்கு மிலானின் சிறுவழக்கு நீதிபதி முன் வந்தது. அங்கிருந்து லக்சம்பர்க்குக்குக் கேள்வி போனது. 1964 ஜூலை 15 அன்று வந்த பதில், நாடுகள் பின்னாளில் இயற்றும் எந்தச் சட்டமும் உடன்படிக்கையிலிருந்து பிறக்கும் சட்டத்தை மீற முடியாது என்றது.

இந்த முதன்மை இன்றுவரை உடன்படிக்கையின் எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை. 2004இல் கையெழுத்தான ஐரோப்பிய அரசியலமைப்பு வரைவில் எழுதினார்கள். அதை 2005இல் பிரான்ஸ் மக்களும் நெதர்லாந்து மக்களும் வாக்களித்து நிராகரித்தார்கள். லிஸ்பனில் அது வெறும் இணைப்பு அறிவிக்கையாகச் சுருங்கிவிட்டது. பிற்காலத் தகராறுகள் நுழைய வழிவிட்டது இந்த இடைவெளிதான்.

நாட்டின் அரசியலமைப்புக்கும் மேலா?

லக்சம்பர்க் நீதிமன்றம் ஆம் என்கிறது. பல நாடுகளின் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

மறுப்புக் குரலை முதலில் எழுப்பியவை இத்தாலியும் ஜெர்மனியும். 1973இல் இத்தாலி, தன் அரசியலமைப்பின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் மனிதரின் மறுக்க முடியாத உரிமைகளுக்கும் முன்னால் ஒன்றியச் சட்டம் நின்றுவிட வேண்டும் என்றது. 1974இல், கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஐரோப்பிய அளவில் அடிப்படை உரிமைகளுக்குப் போதிய காவல் இல்லாத வரை நாங்களே சோதிப்போம் என்றது. அந்தத் தீர்ப்பில் மனம் நோக எதுவும் இல்லை என்பது என் கருத்து. அன்றைய ஒன்றியத்துக்கு அடிப்படை உரிமைப் பட்டியல் என்று எதுவுமே கிடையாது. தீர்ப்பு தந்த நெருக்கடியும் சேர்ந்து, லக்சம்பர்க் தன் தீர்ப்புகளில் உரிமைகளை வளர்த்தெடுத்தது. 1986இல் கார்ல்ஸ்ரூஹே நிலையை மாற்றிக்கொண்டு, அந்தக் காவல் இருக்கும் வரை சோதிக்க மாட்டோம் என்றது.

2009 ஜூன் 30 அன்று லிஸ்பன் உடன்படிக்கை பற்றிய தீர்ப்பில் அதே நீதிமன்றம் ‘அடையாளச் சோதனை’ என்ற பெயரையே வைத்தது. குற்றவியல் சட்டம், ராணுவமும் காவலும், வரவு செலவுத் திட்டம், சமூக நலன், மொழி, கல்வி, குடும்பம், மதம் போன்ற துறைகளில் தன்னைத்தானே ஆளும் இடம் ஜெர்மானிய மக்களிடம் மிச்சமிருக்க வேண்டும் என்றது.

ஜெர்மனிக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம்?

1933இல் நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டு ஹிட்லரின் அரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கொடுத்தது. அப்போது நடப்பில் இருந்த வைமார் அரசியலமைப்பை அழிக்க அதன் நடைமுறைகளே பயன்பட்டன. ஆகவே 1949இல் ‘அடிப்படைச் சட்டம்’ என்ற பெயரில் எழுதிய புதிய அரசியலமைப்பில் 79(3) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மனித மாண்பு, ஜனநாயகம், கூட்டாட்சி, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு ஆகியவற்றின் அடித்தளத்தை எத்தனை பெரும்பான்மை இருந்தாலும் திருத்த முடியாது. நாடாளுமன்றமே விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றை ஒன்றியத்துக்கு எப்படிக் கொடுப்பது என்பதே கார்ல்ஸ்ரூஹேயின் வாதம்.

இந்தியாவுக்கும் இந்தப் பிரிவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஹைடல்பெர்க் அறிஞர் டீட்ரிச் கொன்ராட் 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்புகள் உண்டா என்று உரையாற்றினார். அந்த வாதத்தை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கோலக்நாத் வழக்கில் எடுத்துவைத்தார். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ கோட்பாட்டை ஏற்றார்கள். நம் அடிப்படைக் கட்டமைப்பு உள்ளூர் நாடாளுமன்றத்துக்கு எதிரான காவல். ஐரோப்பிய நாடுகள் அதை வெளியே, ஒன்றியத்தை நோக்கியும் திருப்பியிருக்கின்றன.

ஒரு நாட்டின் தனித்த விழுமியத்துக்கு லக்சம்பர்க் எப்போதாவது வழிவிட்டிருக்கிறதா?

பலமுறை. இரண்டு வழக்குகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

முதலாவது பான் நகரில். ‘லேசர்ட்ரோம்’ என்ற விளையாட்டுக் கூடத்தில், துப்பாக்கி வடிவக் கருவியால் எதிராளியின் சட்டையில் பொருத்திய உணர்கருவியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். கருவிகளைத் தந்தது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. பிரிட்டனில் அது சட்டப்படியான விளையாட்டு. 1994இல் பான் காவல்துறை, மனிதரைக் கொல்வதைப் பொழுதுபோக்காக்குவது மனித மாண்புக்கு எதிரானது என்று தடைபோட்டது. சேவைகள் எல்லை தாண்டித் தங்குதடையின்றிச் செல்ல வேண்டும் என்பதுதானே ஒன்றியத்தின் அடிப்படை விதி? கூடத்தை நடத்திய கம்பெனி அதைத்தான் சொன்னது. 2004 அக்டோபர் 14 தீர்ப்பில் லக்சம்பர்க், மற்ற நாடுகள் அனைத்தும் ஜெர்மனியைப் போலவே மாண்பைப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லித் தடையை அனுமதித்தது. அந்தத் தீர்ப்பு அடிப்படை உரிமையின் மீது நின்றது, ‘அடையாளம்’ என்ற சொல்லின் மீதல்ல. ஆனாலும் வாசல் அங்கேதான் திறந்தது.

இரண்டாவது ஆஸ்திரியாவில். பேரரசு விழுந்ததும் 1919இல் அங்கே பிரபுப் பட்டங்களை ஒழித்து அரசியலமைப்புத் தகுதி கொண்ட சட்டம் போட்டார்கள். ஆஸ்திரியப் பெண் ஒருவரை ஜெர்மானியர் ஒருவர் தத்தெடுத்தார். இளவரசிப் பட்டத்தோடு சேர்ந்த குடும்பப் பெயர் அவருக்கு வந்தது. ஜெர்மனியில் கோட்டைகளையும் மாளிகைகளையும் விற்றுக்கொடுக்கும் தொழில் செய்தவர் அவர். சுமார் 15 ஆண்டுகள் அந்தப் பெயரில் வாழ்ந்த பிறகு, வியன்னா அதிகாரிகள் பட்டத்தை நீக்கிப் பதிவேட்டைத் திருத்தினார்கள். எல்லை தாண்டும்போது பெயர் மாறுவது சுதந்திர நடமாட்டத்துக்கு இடையூறுதான் என்று லக்சம்பர்க் ஒப்புக்கொண்டது. அப்படியும் 2010 டிசம்பர் 22 அன்று ஆஸ்திரியா பக்கமே தீர்ப்பானது. எல்லாக் குடிமக்களும் சமம் என்ற குடியரசுக் கொள்கை அந்த நாட்டின் அடையாளத்தின் பகுதி என்று பிரிவு 4(2)ஐ வெளிப்படையாகவே சுட்டினார்கள்.

ஏற்க மறுத்த வழக்குகள்?

அவையும் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் பகுதியில் வேலை ஒப்பந்தம் டச்சு மொழியில் இல்லாவிட்டால் செல்லாது என்று அப்போது விதி இருந்தது. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட குழுமத்தின் கிளைக் கம்பெனியில், டச்சுக்காரர் ஒருவர் ஆங்கில ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். வேலைநீக்கத் தகராறு வந்தபோது மொழி விதி குறுக்கே வந்தது. மொழியைக் காப்பது நியாயமான நோக்கமே, ஆனால் எல்லை தாண்டிய ஒப்பந்தங்களுக்கும் டச்சு மட்டுமே செல்லும் என்பது அளவு மீறியது என்று 2013இல் தீர்ப்பானது. மொழியுரிமைக்காகப் போராடிய மக்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். நோக்கத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டது இந்த அளவுக்குத் தேவையா என்பதைத்தான்.

2021இல் பல்கேரியா வழக்கு. ஸ்பெயினில் இரண்டு பெண்களுக்குப் பிறந்த குழந்தைக்கு, தாய்மாரில் ஒருவர் பல்கேரியராக இருந்தும், சோஃபியாவின் பஞ்சரேவோ வட்டார அலுவலகம் பிறப்புச் சான்றிதழ் தர மறுத்தது. குடும்பம் பற்றிய தேசிய அடையாளத்தைக் காரணம் காட்டினார்கள். பல்கேரியா தன் திருமணச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் குழந்தைக்கு அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தர வேண்டும், ஸ்பானியச் சான்றிதழில் உள்ள இரு பெற்றோரையும் பயண உரிமைக்காக ஏற்க வேண்டும் என்றது லக்சம்பர்க். குழந்தையின் உரிமைக்கு மேல் அடையாளத்தை நிறுத்தாத அந்த முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இரு நீதிமன்றங்களும் மோதிக்கொண்டால் தீர்வே இல்லையா?

இத்தாலியின் டாரிக்கோ விவகாரம் இதற்கு நல்ல பதில். ஷாம்பெயின் வணிகத்தில் மதிப்புக் கூட்டு வரி ஏய்ப்பு என்று குற்றச்சாட்டு. இத்தாலிய விசாரணைகள் இழுத்தடிக்கும், அதற்குள் காலவரம்பு முடிந்து வழக்கு கலைந்துவிடும். அந்த வரியில் ஒரு பங்கு ஒன்றியத்தின் கருவூலத்துக்குப் போவதால், ஒன்றியத்துக்கும் அது நட்டம். 2015 செப்டம்பரில் லக்சம்பர்க், பெரும் மோசடி வழக்குகளில் தண்டனைக்கு அந்தக் காலவரம்பு தடையாக இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள் என்று இத்தாலிய நீதிபதிகளுக்குச் சொன்னது.

ரோமில் அதிர்ச்சி. ஒருவர் செயல் புரிந்த நாளில் இருந்த விதியை, பின்னால் அவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது என்பது இத்தாலிய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு. காலவரம்பும் அந்தக் காவலுக்குள் வரும் என்பது அவர்கள் மரபு. இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் நேரடியாக ‘மாட்டோம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 2017 ஜனவரியில், எங்கள் அரசியலமைப்பின் உச்சக் கொள்கையோடு இது மோதுகிறது, உண்மையிலேயே இதைத்தான் சொன்னீர்களா என்று லக்சம்பர்க்குக்கே கேள்வி எழுதி அனுப்பியது. மரியாதையான கடிதம், ஆனால் பதில் சரியில்லை என்றால் என்ன செய்வோம் என்பது வரிகளுக்கிடையே தெளிவாகவே இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று லக்சம்பர்க் பின்வாங்கியது. குற்றமும் தண்டனையும் சட்டத்தால் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும் என்ற கொள்கை மீறப்படும் என்றால், அந்த விதியை ஒதுக்கத் தேவையில்லை.

அடையாள வாதத்தை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கோரிக்கை குறிப்பானது. அதை வைத்தது சுதந்திரமான நீதிமன்றம். பலன் போய்ச் சேர்ந்தது கூண்டில் நின்ற சாதாரண மனிதருக்கு.

போலந்தும் ஹங்கேரியும் செய்ததும் இதேதானே?

இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

போலந்தில் 2015இல் வந்த அரசு நீதித்துறையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 65ஆகக் குறைத்தது. பதவியில் இருப்பவர்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களை நிரப்பும் வழி அது. 2019இல் லக்சம்பர்க் அதைச் செல்லாது என்றது. நீதிபதிகளைத் தண்டிக்க ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு ஒன்றையும் அரசு உண்டாக்கியிருந்தது, அதுவும் 2021 ஜூலையில் அடிபட்டது. 2021 அக்டோபர் 7 அன்று, பிரதமரே கொடுத்த மனுவின் மேல், போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒன்றிய உடன்படிக்கையின் சில அடிப்படைப் பிரிவுகளே போலந்து அரசியலமைப்புக்கு முரண் என்றது. சுதந்திரமான நீதிமன்றம் வேண்டும் என்ற பிரிவு 19உம் அவற்றில் ஒன்று. அந்தத் தீர்ப்பாயத்தில் முறைகேடாக நியமிக்கப்பட்டவர்கள் இருப்பதாக அதே ஆண்டு மே மாதம் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் சொல்லியிருந்தது. அக்டோபர் 27 அன்று லக்சம்பர்க் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2023இல் அது பாதியானது.

இத்தாலியோடு ஒப்பிடுங்கள். அங்கே நீதிமன்றம் குடிமகனுக்காகப் பேசியது. இங்கே அரசு, நீதிமன்றத்தின் பிடியிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளப் பேசியது.

ஹங்கேரியின் கதையில் காலவரிசையே போதும். அகதிகளைப் பங்கிட்டு ஏற்கும் ஒன்றியத் திட்டத்துக்கு எதிராக 2016 அக்டோபர் 2 அன்று பொதுவாக்கெடுப்பு. பாதிப் பேர் செல்லத்தக்க ஓட்டுப் போடாததால் அது செல்லாமல் போனது. நவம்பர் தொடக்கத்தில் அரசியலமைப்புத் திருத்தம், நாடாளுமன்றத்தில் தோற்றது. அதே மாதக் கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம், நிலுவையில் இருந்த ஒரு மனுவைக் கொண்டு, ஹங்கேரியின் அரசியலமைப்பு அடையாளத்தைக் காப்பது தன் பொறுப்பு என்றும், அது நாட்டின் ‘வரலாற்று அரசியலமைப்பில்’ வேர்கொண்டது என்றும் தீர்ப்பளித்தது. மக்கள் வாக்கிலும் அவையிலும் கிடைக்காதது நீதிமன்றத்தில் கிடைத்தது. 2018இல் திருத்தமும் நிறைவேறி, அரசியலமைப்பு அடையாளத்தையும் கிறித்தவப் பண்பாட்டையும் காப்பது எல்லா அரசு அமைப்புகளின் கடமையானது. புகலிடம் கேட்டு வருவோரை நடத்தும் முறை பற்றிய தீர்ப்பை நிறைவேற்றாததற்காக 2024 ஜூனில் ஹங்கேரிக்கு 20 கோடி யூரோவும் அதன் மேல் நாளுக்கு 10 லட்சமும் அபராதம் விழுந்தது.

‘வரலாற்று அரசியலமைப்பு’ என்பதில் என்னென்ன அடங்கும் என்ற பட்டியல் எங்கும் இல்லை. எல்லை தெரியாத அடையாளம் அரசுக்கு வசதி, குடிமகனுக்கு ஆபத்து.

ஜெர்மனி வழிகாட்டியதால்தான் இவர்கள் துணிந்தார்கள் என்பது உண்மையா?

ஓரளவுக்கு. 2020 மே 5 அன்று கார்ல்ஸ்ரூஹே, ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் பற்றிய லக்சம்பர்க்கின் தீர்ப்பே அதிகார வரம்பு மீறியது, ஆகவே எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. போலந்துத் தலைநகர் வார்சாவில் அதை வரவேற்றார்கள். 2021 ஜூனில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனி மீதும் நடவடிக்கை தொடங்கி, முதன்மையை மதிப்பதாக ஜெர்மன் அரசு உறுதி தந்ததும் டிசம்பரில் முடித்துக்கொண்டது. கார்ல்ஸ்ரூஹே அந்தத் தீர்ப்பை எழுதிய கடுமை தேவையற்றது என்றே நினைக்கிறேன். ஆனால் அது தன் அரசுக்குத் தலைவலி கொடுத்த தீர்ப்பு. வார்சாவின் தீர்ப்பு அரசு கேட்டு வாங்கியது.

ஒன்றியத்துக்கே ஓர் அடையாளம் உண்டா?

2022 பிப்ரவரி 16 முதல் உண்டு. சட்டத்தின் ஆட்சியை மீறும் நாட்டுக்கு நிதியை நிறுத்தலாம் என்ற விதியை எதிர்த்துப் போலந்தும் ஹங்கேரியும் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, பொதுவான சட்ட அமைப்பு என்ற வகையில் ஒன்றியத்தின் அடையாளத்தைப் பிரிவு 2இன் விழுமியங்களே வரையறுக்கின்றன என்று லக்சம்பர்க்கின் முழு அமர்வு சொன்னது. நாடுகள் எடுத்த அதே ஆயுதத்தை நீதிமன்றமும் எடுத்தது.

பிரான்ஸ்?

2006இல் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் நாட்டின் அரசியலமைப்பு அடையாளம் என்ற கருத்தை ஏற்றாலும், எது அடையாளம் என்று 15 ஆண்டுகள் சொல்லவே இல்லை. 2021 அக்டோபரில் ஏர் பிரான்ஸ் வழக்கில் முதன்முறையாக ஒன்றைச் சொன்னது: பலத்தைப் பயன்படுத்தும் காவல் அதிகாரத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது.

நீதிமன்றம் போகாமல் அடையாளத்தைக் காக்க வழியில்லையா?

இருக்கிறது, பலர் மறந்துவிடும் வழி: பேரம் பேசி உடன்படிக்கையிலேயே எழுதி வாங்குவது. ஜெர்மானியர்கள் வந்து கடற்கரைக் கோடை வீடுகளையெல்லாம் வாங்கிவிடுவார்கள் என்று டென்மார்க்குக்கு அச்சம். மாஸ்ட்ரிக்டில் அதற்கென்றே ஒரு நெறிமுறை சேர்த்தார்கள். மால்ட்டாவும் இரண்டாம் வீடு வாங்குவது பற்றி அதுபோல வாங்கியது. 2008 ஜூனில் லிஸ்பனை நிராகரித்த அயர்லாந்து, வரி, ராணுவ நடுநிலை, உயிருரிமை பற்றி உறுதிமொழி பெற்ற பிறகே 2009 அக்டோபரில் ஏற்றது.

இந்த அடையாளம் மாறக்கூடியதா?

மக்கள் விரும்பினால் மாறும். மாஸ்ட்ரிக்ட் காலத்தில் அயர்லாந்து தன் கருக்கலைப்புத் தடையைக் காக்கத் தனி நெறிமுறை வாங்கியது. 2018 மே 25 அன்று அதே நாட்டு மக்கள் 66 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து அந்தத் தடையை அரசியலமைப்பிலிருந்து நீக்கினார்கள். ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் யாரையும் வற்புறுத்தவில்லை.

கடைசி வார்த்தை யாருக்கு? இனி எதைக் கவனிக்க வேண்டும்?

எழுதிவைத்த பதில் இல்லை. 2022 பிப்ரவரி 22 அன்று ருமேனியா வழக்கில் லக்சம்பர்க் தன் நிலையைச் சொன்னது. ஒன்றியத்தின் விதி நாட்டின் அடையாளத்தைக் கெடுக்கிறது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் நினைத்தால், தானே முடிவெடுக்காமல் லக்சம்பர்க்கிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கீழ்நீதிமன்ற நீதிபதியைத் தண்டிக்கவும் கூடாது.

அடுத்த சோதனை ஸ்லோவாக்கியாவிலிருந்து வரலாம். 2025 செப்டம்பர் 26 அன்று அதன் நாடாளுமன்றம், 150 பேரில் 90 பேரின் ஆதரவோடு, ஆண், பெண் என இரு பாலினம் மட்டுமே என்றும், அடிப்படைப் பண்பாட்டு, அறநெறிக் கேள்விகளில் தேசிய அடையாளம் பற்றிய இறைமை தன்னிடமே என்றும் அரசியலமைப்பைத் திருத்தியது. அந்த வாசகத்தின் உண்மையான பொருளை நாடாளுமன்ற உரைகள் தீர்மானிக்காது. பிரட்டிஸ்லாவாவிலோ கோஷிட்ஸேவிலோ ஓர் அலுவலகம் யாரோ ஒருவருக்குச் சான்றிதழ் மறுக்க வேண்டும், அவர் வழக்குப் போட வேண்டும், உள்ளூர் நீதிபதி ஒருவர் லக்சம்பர்க்குக்குக் கேள்வி எழுத வேண்டும். அந்த நீதிபதி பயமின்றி எழுத முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.